பூக்கட்டும் பெண்கள் போட்ட மார்க்கு

ஜெயசித்ரா டாக்டர் ஆவதற்கு ரொம்ப முன்னாலேயே சங்கரன்கோவில் அவளை டாக்டராக்கிவிட்டது. இந்த ஊருக்கு எதிலும் அவசரம். ஒருத்தி ஆன்லைனில் பிஎச்டி சேர்ந்திருக்கிறாள் என்று காதில் விழுந்தால் போதும், பட்டம் வருகிறவரைக்கும் யார் காத்துக்கொண்டிருப்பது? நேற்றுவரை 'ஏ நர்சு பிள்ள' என்று கூப்பிட்டவர்களெல்லாம் 'டாக்டரம்மா' என்று ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிப்போனது. உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், அதற்கும் அப்புறம் பிடித்துப்போனது.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் சர்க்கரைப் பிரிவில் அவள் நர்சு. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கேதான். புண்ணுக்குக் கட்டுப் போட்டுப் போட்டே அவளுக்குள் ஒரு கோபம் சேர்ந்திருந்தது. கொப்புளமாக இருக்கும்போது ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை. நாற்றம் எடுத்த பிறகு ஆட்டோ பிடித்துக்கொண்டு வருவார்கள். விரலை எடுக்க வேண்டும் என்றால் குய்யோ முறையோ என்று அழுவார்கள். அந்தக் கோபத்தில்தான் நாற்பது வயதுக்கு மேல் படிக்கக் கிளம்பினாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், எல்லாமே கம்ப்யூட்டர் வழியாக. சனிக்கிழமை வகுப்பு நடக்கும்போது தெருவில் கோயில் கொடைக்கு மைக் செட் அலறினால், உலகத்தின் பல மூலைகளில் இருந்த அத்தனை மாணவர்களும் அதைச் சேர்ந்து கேட்டார்கள். வழிகாட்டியாக அமைந்த டாக்டர் ஜஸீமா இருந்தது ஷார்ஜாவில், பிறந்தது கடையநல்லூரில். உலகம் முழுக்கத் தேடிக் கடைசியில் பக்கத்து ஊர்க்காரியிடம் போய்ச் சேர்ந்ததில் சித்ராவுக்கு ஒரு தைரியம் வந்தது.

ஆராய்ச்சி ரொம்ப எளிமையானது. சர்க்கரை முற்றிக் கால் மரத்துப்போன பெண்களுக்குப் பாதத்தைப் பார்த்துக்கொள்ளும் பழக்கத்தைச் சொல்லிக்கொடுப்பது. வீட்டுக்குள்ளும் செருப்பு, தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது, விரல் இடுக்கில் ஈரமில்லாமல் துடைப்பது. அப்புறம் வாராவாரம் போனில் கேட்டுப் பதிலைப் பதிந்துகொள்வது. ஒரு வருஷத்தில் புண் குறைகிறதா என்று பார்ப்பது. அவ்வளவுதான்.

அதற்குப் பெண்கள் வேண்டுமே? அந்தப் பொறுப்பை அவள் புருஷன் காசிராஜன் ஏற்றுக்கொண்டான். பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் எடை போடுகிறவன். பிச்சியும் மல்லியும் வாங்கிக்கொண்டுபோய் வீட்டில் வைத்துக் கட்டிக் கொடுக்கிற பெண்களையெல்லாம் அவனுக்குத் தெரியும். அவர்களில் சர்க்கரைக்காரர்களாகப் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டு வந்தான். பொண்டாட்டி படிப்பதில் அவனுக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை. தராசில் கல்லை வைக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அதே பேச்சுதான்.

பெண்கள் வந்தார்கள். சொன்னதையெல்லாம் கேட்டார்கள், தலையாட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் சித்ராவுக்கு ரொம்ப வேண்டியவள் சங்கரம்மாள். ஐம்பதைத் தாண்டியவள், புருஷன் இல்லாதவள், மகள் பொன்செல்வியோடு இருக்கிறவள். பல வருஷமாக ஆஸ்பத்திரிக்கு வருகிறவள். முன்பெல்லாம் வந்த உடனே பெஞ்சில் உட்கார்ந்து, 'இங்கன பாரு பிள்ள' என்று காலைத் தூக்கிச் சித்ராவின் மடியிலேயே வைத்துவிடுவாள். சித்ரா டாக்டரம்மா ஆன பிறகு அது நின்றுபோனது.

"காலைக் காட்டுங்கக்கா, பாத்துருதேன்" என்று சித்ரா ஒரு நாள் கேட்டதற்குச் சங்கரம்மாள் சேலையை இழுத்துவிட்டுப் பாதத்தை உள்ளே மறைத்துக்கொண்டாள்.

"போ தாயி. படிச்ச பிள்ள முன்னால காலை நீட்டவா? நல்லாவா இருக்கும்?"

மற்றவர்களும் அப்படித்தான். பெரிய மனுஷர் முன்னால் காலை நீட்டி உட்காரக் கூடாது என்பது இங்கே பிள்ளைகளுக்குப் பேச்சு வரும்போதே வந்துவிடுகிற பாடம். அவளும் வற்புறுத்தவில்லை. அவர்கள் காலை மடக்கிக்கொண்டது அவளுக்கு ஒரு மரியாதையாக இருந்தது. அந்த மரியாதையை அவள் கையால் தள்ளிவிடவில்லை. இதை அவள் பிற்பாடு நினைத்து நினைத்துப் புழுங்கினாள்.

போனில் வந்த பதில்களோ அமிர்தம்.

"செருப்பு போடுதீங்களாக்கா?"

"போடாம இருப்பனா? படுக்கும்போதுகூடப் போட்டிருக்கேன்."

"புண்ணு, கொப்புளம் எதுவும்?"

"ஒண்ணும் கிடையாது. கண்ணாடி மாதிரி இருக்கு காலு."

படுக்கும்போதும் செருப்பா என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. வாரம் போகப் போகப் புண் குறைந்துகொண்டே வந்தது. பாதி வருஷத்தில் அடியோடு இல்லாமல் போனது. ஜஸீமா மேடத்துக்கே ஆச்சரியம். "மாஷா அல்லாஹ், சித்ரா. இப்படி ஒரு முடிவு நான் பாத்ததே இல்ல" என்றாள். அந்தப் பாராட்டைச் சித்ரா பஸ்ஸில் போகும்போது, சோறு வடிக்கும்போது, கட்டுப் பிரிக்கும்போது தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

இப்படியிருக்க ஆடித்தபசு வந்தது.

ஊசிமுனையில் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்கிற கோமதி அம்பாளின் கால்வலியைத் தாங்களும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறோம் என்று, கொடியேறிய பிறகு பெண்கள் கோயிலுக்குள் ஆடிச்சுற்று சுற்றுவார்கள். வேண்டிக்கொண்டவர்கள் நூற்றெட்டு சுற்றுகூடச் சுற்றுவார்கள். வெறுங்காலோடு, கருங்கல் தரையில். சித்ராவும் சின்ன வயதில் சுற்றியவள்தான். ஆனால் மரத்த காலுக்கு இது ஆகாது. அதனால் ஒவ்வொருத்தியையும் போனில் பிடித்து, "இந்த வருஷம் சுத்தாதீங்க. சாமி கும்பிட்டுட்டு வந்துருங்க. அம்பா கோவிச்சுக்க மாட்டா" என்றாள். எல்லோரும் சரி என்றார்கள். தபசு முடிந்து கேட்டபோது ஒருத்தியும் சுற்றவில்லை, ஒருத்திக்கும் புண் இல்லை.

நாலைந்து நாள்தான் போயிருக்கும். பொன்செல்வி தன் அம்மாவை ஆட்டோவில் கொண்டுவந்தாள். சங்கரம்மாளுக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. ஆட்டோவிலிருந்து இறக்கும்போதே சித்ராவுக்கு அந்த வாடை தெரிந்துவிட்டது. எத்தனை வருஷமாக அவள் மூக்குக்குப் பழகிய வாடை! சேலையை விலக்கினாள். இடது காலில் பெருவிரலும் அடுத்ததும் கறுத்துப்போயிருந்தன. உள்ளங்காலில் கோயிலில் பிரசாதமாகக் கொடுக்கிற புற்றுமண் அப்பிக் காய்ந்திருந்தது. அதைக் கழுவக் கழுவ உள்ளே பள்ளம் போய்க்கொண்டே இருந்தது.

சித்ரா நிமிர்ந்தாள். "போன வாரம் கேட்டேனேக்கா! ஒண்ணும் இல்லைன்னீங்களே!"

சங்கரம்மாள் காய்ச்சலிலும் சிரித்தாள். "இருக்குன்னு சொன்னா உனக்கு மார்க்கு கொறஞ்சிருமில்லா?"

"என்ன மார்க்கு?"

"நாங்க சொல்லுத பதிலுக்குத்தான உனக்கு மார்க்கு. புண்ணு இருக்குன்னா தப்பு, இல்லைன்னா ரைட்டு. உன் வீட்டுக்காரர் அன்னைக்கே சொல்லிட்டாரே. எங்களால உன் பரீட்ச கெட்டுப் போகலாமா?"

சித்ரா கழுவுவதை நிறுத்தினாள். சங்கரம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த வருஷம் உனக்குத்தான் தாயி சுத்துனேன். நம்ம பிள்ள டாக்டராகணும்னு வேண்டிக்கிட்டு நூத்தெட்டும் முடிச்சேன். காலு வலிக்கவே இல்ல பாத்துக்கோ. ஒரு பொட்டு வலி இல்ல. அம்பாதான் வலிய வாங்கிக்கிட்டான்னு நெனச்சேன்."

டாக்டர் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்கு எழுதிக்கொடுத்தார். அங்கே கணுக்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது பொன்செல்வி சொன்னதுதான் சித்ராவின் தலையில் விழுந்த இரண்டாவது கல். "எங்கம்மா மட்டும்னு நெனச்சிராதிய. பூக்கட்டுத எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க. யாரு வீட்டுல போன் வந்தாலும், புண்ணு இல்லைன்னு சொல்லுன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிடுவாங்க."

அன்று மத்தியானம் மார்க்கெட்டிலிருந்து வந்த காசிராஜனைச் சித்ரா சோற்றுத் தட்டுக்கு முன்னால் நிறுத்தி வைத்துக் கேட்டாள். "அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் செத்துப்போனது. "ஆராய்ச்சின்னு சொன்னா அவங்களுக்கு என்ன தெரியும்? பரீட்சன்னு சொன்னேன். நீங்க சொல்லுத பதில வச்சுத்தான் மார்க்கு, பாத்துச் சொல்லுங்கன்னேன். விளையாட்டா சொன்னேன் சித்ரா. இப்படி ஆகும்னு நான் என்னத்தக் கண்டேன்?"

அவனைத் திட்ட வாயெடுத்தாள். வரவில்லை. அவன் விளையாட்டாகச் சொன்னான். தான் விளையாட்டாகவா கேட்டோம்? படித்த கேள்வி, பக்குவமாகத் தயாரித்த கேள்வி. அதற்கு வந்த பொய்யை ஒரு வருஷம் முழுக்க வாங்கி வாங்கி மடியில் கட்டிக்கொண்டது யார்? சோறு அப்படியே இருந்தது.

சாயங்காலம் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியான இசக்கிசெல்வி வீட்டுக்குப் போனாள். அந்தத் தெருப் பெண்கள் பகலெல்லாம் அங்கேதான் கூடிப் பூக்கட்டுவார்கள். சித்ராவைக் கண்டதும் அத்தனை பேரும் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்கள். இது பரீட்சை இல்லை, இதில் ரைட்டு தப்பு கிடையாது, புண் இருந்தால் இருக்கிறது என்று சொல்வதுதான் எனக்கு வேண்டும் என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள்.

"சரி டாக்டரம்மா" என்றாள் இசக்கிசெல்வி. "எனக்குப் புண்ணு இல்ல."

"காலைக் காட்டுங்க."

"பரீட்ச முடியட்டும். அப்புறம் ஆசதீரப் பாத்துக்கோ."

மகபூப் பீவி இன்னும் ஒரு படி மேலே போனாள். பூவிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சங்கரம்மா உளறிட்டாளாக்கும்? காய்ச்சக்காரி பேச்ச யாரு கணக்குல எடுப்பா? நீ எங்க பதில மட்டும் எழுது" என்றாள். சித்ராவைக் காப்பாற்றுவதென்று அவர்கள் கட்டுப்பாடாக முடிவு செய்திருந்தார்கள். அந்த அன்பை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. வாசலில் நின்று கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்கிற அறையைச் சாத்திக்கொண்டு ஜஸீமா மேடத்தைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். திரையில் அந்த அம்மாளின் முகம் வாடிப்போனது.

"அந்த அக்காவுக்கு ஆனத அறிக்கையில கண்டிப்பா எழுதணும், சித்ரா. மத்தவங்க பதில் அப்படியே இருக்குல்லா?"

"அதுவும் பொய்தான் மேடம்."

"தெரியுமா? நெனக்கியா?"

"நெனக்கேன். காலைக் காட்ட மாட்டேங்காங்க."

ஜஸீமா மெதுவாகச் சொன்னாள்: "பாக்காத வரைக்கும் அது உன்னோட சந்தேகம். பாத்துட்டேன்னா அந்தப் பதில் ஒண்ணயும் வைக்க முடியாது. மொதல்லருந்து தொடங்கணும். அதுக்கு உனக்குக் கெடு இல்ல. உன் மாமியா படுக்கையில கெடந்தப்ப ஒரு தடவ நீட்டியாச்சு. இனி தர மாட்டாங்க, படிப்பு அத்தோட போயிரும். நான் உன்ன இதச் செய், அதச் செய்னு சொல்லல. உள்ளதச் சொல்லுதேன். யோசிச்சுச் சொல்லு."

அறிக்கை அனுப்பப் பத்து நாள்தான் பாக்கி இருந்தது. காசிராஜன் ஒரு வழி சொன்னான். "பாஸாயிட்டேன்னு போய்ச் சொல்லிரு. எல்லாரும் காலைக் காட்டிருவாங்க."

"பாத்தப்புறம் எப்படிங்க அந்தப் பதில அனுப்புவேன்?"

"அப்ப அனுப்பிட்டுப் பாரு. பத்து நாளுதான?"

பத்து நாள்தானே. அந்த வார்த்தையை அவளும் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கு அந்தப் பட்டம் வேண்டும். வேண்டாம் என்று அவள் சொன்னால் நம்பாதீர்கள். மகன் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்த படிப்பு. விசேஷ வீடுகளுக்குப் போகாமல், ஒரு சினிமா பார்க்காமல், மாமியாருக்கு மூத்திரத் துணி மாற்றிய கையோடு கட்டுரை எழுதிய படிப்பு. இரண்டு நாள் அவள் யாரிடமும் பேசாமல் அறிக்கையைச் சரி பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கரம்மாளைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தாள். அதைப் படித்துப் பார்த்தபோது நன்றாகவே இருந்தது. நன்றாக இருந்ததில் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. ஆனாலும் அழிக்கவில்லை.

மூன்றாம் நாள் இசக்கிசெல்வி மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தாள். எல்லோரையும் போல வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வந்தாள். ஆஸ்பத்திரிக்குள் செருப்போடு வருவது மரியாதையில்லை என்பது இன்னொரு பாடம். சித்ரா ஒருத்தருக்கு ஊசி போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். இசக்கிசெல்வி நடந்துபோன வெள்ளை டைல்ஸில், இடது கால் பட்ட இடத்தில் மட்டும் ஈரமாக ஒரு கறை. அடுத்த எட்டில் இன்னொன்று. தண்ணீர் இல்லை. மஞ்சளும் சிவப்புமாக இருந்தது.

"அக்கா, நில்லுங்க! காலுல என்ன?"

இசக்கிசெல்வி குனிந்துகூடப் பார்க்கவில்லை. "குழாயடில மிதிச்சுட்டேன் போல. வாரேன் டாக்டரம்மா" என்று விறுவிறுவென்று போய்விட்டாள். வலிக்கிறவள் நடக்கிற நடையாக அது இல்லை.

சித்ரா அந்தக் கறையைத் தானே துடைத்தாள். துடைத்துவிட்டு ஈசிஜி அறைக்குள் போய் ஜஸீமாவுக்கு எழுதினாள். பதில்கள் அத்தனையும் பொய், எதையும் வைக்க வேண்டாம், நான் விலகிக்கொள்கிறேன். இரண்டு வரிதான். அனுப்புகிற பொத்தானை அழுத்தும்போது யாரோ செத்த வீட்டில் நிற்கிற மாதிரி இருந்தது. பிறகு கட்டுப் போடுகிற சாமான்களையெல்லாம் ஒரு பையில் அள்ளிக்கொண்டு, டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

இசக்கிசெல்வி வீட்டில் பிச்சிப்பூ குவியலாகக் கிடந்தது. பெண்கள் வழக்கம்போலக் காலை மடக்கினார்கள். சித்ரா அவர்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் தோத்துட்டேன்க்கா" என்றாள். "பரீட்ச முடிஞ்சு போச்சு. எனக்கு டாக்டர் பட்டம் இல்லைன்னுட்டாங்க."

கைகள் நின்றுபோயின. ஒருத்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"எவன் அவன் இல்லைன்னவன்?" என்று மகபூப் பீவி சீறினாள். "நாங்க இத்தன பேரு ஒரு வாக்கா சொன்னோமே! அதுக்கும் மேல என்ன வேணுமாம்?"

"போனது போச்சுக்கா. இனி மறைக்க ஒண்ணும் இல்ல. நீங்க எதச் சொன்னாலும் இனி எனக்கு மார்க்கு கூடவும் செய்யாது, கொறையவும் செய்யாது. காலைக் காட்டுங்க."

முதலில் மகபூப் பீவிதான் மூக்கைச் சிந்திக்கொண்டே காலை நீட்டினாள். குதிகாலில் வெடிப்பு விரிந்து, உள்ளே வெளுத்திருந்தது. அவளைப் பார்த்து அடுத்தவள் நீட்டினாள். அப்புறம் அடுத்தவள். கொப்புளம் உடைந்த கால், அடுப்புச் சூடு பட்டு வெந்த கால், விரல் இடுக்கில் சீழ் கோத்த கால். பூக்குவியலைச் சுற்றி அத்தனை கால்களும் நீண்டிருந்தன. எங்கேயோ பார்த்துப் படித்த படங்கள் இல்லை. ஒரு வருஷமாக அவள் 'இல்லை' என்று பதிந்து வைத்த கால்கள். சித்ரா பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழுவினாள். இரண்டு பேரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னாள். மற்றதெல்லாம் ஆறிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

இசக்கிசெல்வி கடைசியில் நீட்டினாள். இடது உள்ளங்காலில் ஒரு துளை. துடைத்துப் பார்த்தால் உள்ளே ஓர் உடைமுள் ஒடிந்து, சதைக்குள் முழுசாக இறங்கியிருந்தது. எத்தனை நாளாக அதை மிதித்து நடந்தாளோ. சித்ரா இடுக்கியை எடுத்தாள்.

இசக்கிசெல்வி தேம்பித் தேம்பி அழுதாள். "எதுல போச்சு தாயி மார்க்கு? நான் சொன்ன பதில்லயா? நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டனா?"

"இல்லக்கா. நீங்க எல்லாரும் சரியாத்தான் சொன்னீங்க" என்றாள் சித்ரா. "நான்தான் காலைப் பாக்காம உங்க வாயப் பாத்துட்டு இருந்தேன்."

முள்ளைப் பிடித்து இழுத்தாள். விரல் நீளத்துக்கு வந்தது. இசக்கிசெல்வி மார்க்கைப் பற்றியே அழுதுகொண்டிருந்தாள். அவள் கால் அசையவே இல்லை.